விலை இறங்கிய வண்டி

குழாய்க்கடைக்காரருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் அந்தப் பொருளுக்கு அன்றைக்குக் கெட்ட நேரம். வாய்க்கு வந்தபடி வைவார். நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று விற்கிறவன் சொல்லலாம், வாங்குகிறவன் சொன்னால் அவனுக்கு மூளை பிசகு என்பது அவர் கட்சி. கல்யாணப் பேச்சின்போது பெண் எப்படி என்று கேட்டதற்குக்கூட, கூரையைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்லை" என்றார். பெண்ணின் அப்பா துணி வியாபாரி. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உள்ளே போய், "மாப்பிள்ளை விழுந்துட்டார். இனிமே சீர்ல ஒரு பைசா ஏத்தாதே" என்று மனைவி காதில் சொன்னாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரே தராசின் இரண்டு தட்டு. எதை வாங்கப் போனாலும் வைவது அவர் வேலை, எழுவது அவள் வேலை. பேச்சு இழுபறியில் நிற்கும்போது அவர் மூக்கைச் சொறிவார். உடனே அவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடக்க வேண்டும். விற்கிறவன் பதறிப்போய், "அம்மா, ஒரு நிமிஷம்!" என்பான். அந்த ஒரு நிமிஷத்தில் இறங்குவதுதான் கடைசி விலை. கட்டில், பீரோ, கடை இருக்கிற கட்டடம் எல்லாம் அவள் எழுந்து நடந்து வாங்கியவை.

இப்போது அவளுக்கு எழுவதுதான் கஷ்டம். இடுப்பு மூட்டு மாற்றி எட்டு மாசம் ஆகிறது. "முழங்காலைவிடத் தாழ்வான எதுலயும் உக்காரக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் நாற்காலி உயர்ந்தது, கட்டில் உயர்ந்தது. பழைய கார் மட்டும் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய கையோடு கண்ணை மூடிவிட்டது. கடையில் அவளுடைய உயரமான ஸ்டூலில் அவருடைய தங்கை மகன் உட்கார்ந்து போன் பார்க்கிறான். முக்கால் இஞ்ச் குழாய் கேட்டவருக்கு அரை இஞ்ச் கொடுத்தனுப்புகிறான். வாடகை வண்டியிலாவது போய் வருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"புது வண்டி வரட்டும். ராணி மாதிரி போயி இறங்கு" என்றார் அவர்.

அதனால் எந்த வண்டி என்பது அவளுக்கு வண்டிப் பேச்சு அல்ல. மறுபடி கடைக்குப் போவதா, வீட்டு ஜன்னலோடு குடித்தனம் நடத்துவதா என்பதுதான் கேள்வி. காலையில் சாப்பாட்டு மேஜையிலேயே முடிவாகிவிட்டது: உயரமான குடும்ப வண்டி. கதவைத் திறந்தால் சீட் இடுப்புக்கு நேராக இருக்கும், அப்படியே சாய்ந்து உட்காரலாம், பின்னால் நாலு பெட்டி குழாயும் போடலாம்.

ஷோரூமில் உயரமான வண்டி ஓரமாக, சமையலறைப் பாத்திரம் மாதிரி அடக்கமாக நின்றது. நடுவில், மேலே இருந்து விளக்கு விழ, கருஞ்சிவப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

குழாய்க்கடைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

அவள் ஓரத்தில் நின்ற உயரமான வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலே செகண்டுல நூறைத் தொட்டுடும் சார்" என்றார் டை கட்டிய விற்பனையாளர்.

"தொட்டு? எங்க தெருமுனையில தினமும் குப்பை லாரி நிக்குது. அது பின்னாடிதான் வந்து நிக்கணும்."

"சும்மா உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தார். முதலில் தலை, பிறகு ஒரு கால், கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்து வயிறு. ஸ்டியரிங்கில் கை பட்டதும் ஐம்பத்தெட்டு வயசு முகத்தில் மீசை முளைக்காத காலத்து முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு நொடிதான். கல்லாவை மூடுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டார்.

"கிணத்துல இறங்குற மாதிரி இருக்கு. இதையெல்லாம் வண்டின்னு விக்கிறீங்களே, மனசு உறுத்தலை?"

மேனேஜர் வந்தார். வழுக்கைத் தலை, வழுக்குகிற பேச்சு. அவளுக்கு உயரமான நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். அவள் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இவங்களைப் பாருங்க" என்றார் குழாய்க்கடைக்காரர். "இடுப்புல ஆப்பரேஷன் பண்ணினவங்க. ராத்திரி புரண்டு படுக்கணும்னா முழங்காலுக்கு நடுவுல தலையணையை வெச்சு, கட்டில் சட்டத்தைப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் புரளுவாங்க. நான் முழிச்சுடக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுக்குவாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வலது கால்ல செருப்பு மாட்ட முடியாது. சுவத்துல சாஞ்சு, குச்சியால இழுத்து மாட்டுவாங்க. நான் அந்தப் பக்கம் வந்தா, சும்மா நிக்கிற மாதிரி நிப்பாங்க. தினமும் காலையில பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாங்க. குழாய் விக்கிறவனுக்குத் தெரியாதா சார், எந்தச் சத்தம் குளிக்கிற சத்தம், எது சும்மா தண்ணி போற சத்தம்னு?"

விற்பனையாளர் டையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. எட்டு மாசமாக, பக்கத்தில் படுத்திருப்பவர் ஒரு மூட்டை சிமெண்ட் என்று நினைத்திருந்தாளே! செருப்புக் குச்சி உட்பட அத்தனையும் பார்த்திருக்கிறார். இந்த மனுஷனுடைய புளுகு ஒவ்வொன்றுக்கும் எடை தெரிந்தவள் அவள். இதில் புளுகு ஒரு குன்றிமணிகூட இல்லை. அதனால்தான் ஏமாந்தாள். ஒரு பொருளை வைய எடுத்தால் அவர் எதை எதையெல்லாம் அள்ளி வீசுவார் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அப்போ மேடத்துக்கு அந்த உயரமான வண்டிதான் சார் சரி. வாங்க, காட்டுறேன்."

"இருங்க, இருங்க" என்றார் குழாய்க்கடைக்காரர். அவசரம் குரலில் தெரிந்துவிட்டது. கீழே இறக்கிக்கொண்டார். "அது எங்க போயிடப் போகுது? இது ரொம்ப நாளா நிக்குது போல. டயர்ல தூசியைப் பாத்தேன். இப்படி ஒரு பொம்பளையை வெச்சுக்கிட்டு நான் இதை எடுக்கணும்னா, இவங்களை நான் எவ்வளவு சமாதானப்படுத்தணும்? அந்தச் சமாதானத்துக்கு நீங்க என்ன குறைப்பீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவள் கண்ணீர் பாதி வழியில் நின்றது.

மேனேஜர் ஒரு தொகை சொன்னார். இவர் சிரித்துவிட்டுத் தன் விலையைச் சொன்னார். மேனேஜர் இன்னும் கொஞ்சம் இறங்கினார். இவர் அவள் பக்கம் கையைக் காட்டி, "அழுறாங்க சார்" என்றார், சாம்பிள் காட்டுகிறவர் மாதிரி.

அவர் மூக்கைச் சொறியவில்லை. அவள் எழுந்தாள். ஊன்றுகோலை ஊன்றி, பளபளவென்று வழுக்குகிற தரையில் யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். இடுப்பு சுண்டியது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்! சார், சரி சார், நீங்க சொன்னதே இருக்கட்டும்!"

அந்தக் குரலை அவள் நூறு கடைகளில் கேட்டிருக்கிறாள். விலை இறங்கிவிட்டது.

வெளியே பூந்தொட்டி ஓரத்தில் நின்றாள். சற்று நேரத்தில் அவர் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"துணிக்கடைக்காரர் மகள்னு காட்டிட்டியேடி! நான் மூக்குல கை வைக்கவே இல்லை, நீயா சமயம் பாத்து எந்திரிச்ச பாரு! அந்தக் கண்ணீர் வேற. இன்சூரன்ஸும் அவன் தலையிலதான்!"

"நான் நடிக்கலைங்க."

"அதையேதான் நானும் சொன்னேன். 'அவ நடிக்கிற ஆளு இல்லை சார்'னு. உடனே பேனாவை எடுத்துட்டான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "குழாய்ச் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேக்காம?"

"ஒரு நாளாவது கதவைத் தட்டியிருக்கலாமே."

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "தட்டினா நீ சங்கடப்படுவியோன்னு..." என்று இழுத்தார். உண்மையாக இருக்கலாம். பேரமாகவும் இருக்கலாம். முப்பது வருஷம் கூடவே இருந்தும் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

"சீட்டு தாழ்வா இருக்கேன்னு பாக்குறியா? ரெண்டு குஷன் போட்டா ஆச்சு. இந்த விலைக்கு வேற எவன் தருவான், சொல்லு!"

வண்டி வந்தது. இரண்டு குஷன் போட்டார்கள். தலை கூரையில் இடித்தது. ஒன்றை எடுத்தார்கள். இடுப்பு மடங்கி உயிர் போயிற்று. கடை வாசலில் லோடு இறக்கும் ஆட்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, குளியல் தொட்டியை வெளியே எடுப்பதுபோல் முதலாளியம்மாவை வெளியே எடுத்தார்கள். எதிர்க்கடைக்காரர்கள் பார்த்தார்கள். வண்டியை. மறுநாள் அவள் வாடகை வண்டிக்குப் போன் போட்டாள். அவர் பிடுங்கி வைத்தார்.

"வாசல்ல இவ்வளவு பெரிய வண்டியை வெச்சுக்கிட்டு வாடகை வண்டியில போனா, பாக்கறவன் என்ன நினைப்பான்? பேசாம வீட்டுல ரெஸ்ட் எடு."

தங்கை மகனுக்கு அந்த ஸ்டூல் நிரந்தரமாயிற்று. ஸ்போர்ட்ஸ் செடான் தினமும் காலையில் உறுமிக்கொண்டே போய்க் குப்பை லாரியின் பின்னால் நின்றது.

ஒரு மாசம் கழித்துக் குடோனுக்குக் கூரைத் தகடு வாங்க வேண்டியிருந்தது. "கூட வா. அந்தத் தகடுக்காரன் கல்லுளிமங்கன். நீ எந்திரிச்சாதான் இறங்குவான்" என்றார்.

"எந்திரிக்க முடியலைங்க" என்றாள் அவள். தகடு அவர் கேட்ட விலைக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பாத்ரூமுக்குள் போனவள் குழாயில் கை வைத்தாள். திறக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடிக்காமல், வலி எவ்வளவோ அவ்வளவுக்கும் வாய் விட்டு அழுதாள். கதவுக்கு வெளியே அவர் நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் அது.

வெளியே நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

பிறகு டிவியின் சத்தம் ஏறியது.