புனுகுக்குப் பூசிய அத்தர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் நண்பன் ஜலீல் வீட்டிலிருந்து நான் தூக்கிவந்தது. கேட்டுத்தான் தூக்கினேன், ஆனால் கேட்ட ஆள் தப்பு. ஜலீலிடம் கேட்டேன், அவன் மகள் ருமானாவிடம் கேட்டிருக்க வேண்டும். பூனைகள் அவளுடையவை.

ஜலீலுக்கு சிம்மக்கல்லில் அத்தர்க் கடை, மாடியில் வீடு. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைப் பூனைகள் அங்கே வளர்கின்றன. வெள்ளையின் பெயர் புனுகு, சாம்பலின் பெயர் ஜவ்வாது. அத்தர்க் கடைக்காரன் வீட்டில் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: 'வைகைக் காற்று மெல்ல வீசிய ஒரு மாலையில், மாமதுரையின்...' சிம்மக்கல்லில் மாலையில் வீசுவது டவுன் பஸ் புகை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'பூனை பேசாது என்று நினைப்பவர்களே...' மேடையில் மைக் பிடித்த மாதிரி இருக்கிறது. அதுவும் போகட்டும்.

மூன்றாவது: புனுகுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, மூன்று நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடையைத் திறந்ததும் ஜவ்வாது அதன் மேல் பாய்ந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

நான்கு வருடம் ஒன்றன் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கிய பூனைகள். ஜவ்வாது காதுகளைத் தலையோடு படியவைத்து, வாலைப் புஸ்ஸென்று பருக்கவிட்டுச் சீறியது. புனுகுக்குக் கண்ணுக்குக் கீழே கிழிந்து ரத்தம் வந்தது. அது கட்டிலுக்கு அடியில் போனதுதான், ஒரு வாரமாக வெளியே வரவில்லை.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஜலீலின் மனைவி நஜ்முன்னிசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து யார் திரும்பினாலும் வாசலிலேயே நிறுத்தி அத்தர் பூசிவிடுவார். "ஆஸ்பத்திரி வாடையோட உள்ள வரக் கூடாது." புனுகுக்கும் அப்படியே இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மல்லிகை அத்தர் பூசினார். பக்கத்தில் நின்ற நான், "இன்னும் ரெண்டு சொட்டு விடு தங்கச்சி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜம்முனு இருக்கும்" என்றேன்.*

(* நிஜத்தில் இல்லாத ஒரு நல்லவனாக என்னை எழுதிக்கொள்ள இந்த இடத்தில் வசதி இருந்தது. செய்யவில்லை.)

பூனை தன் சொந்த வாசனையைச் சேர்த்து வைத்திருப்பது அதே கன்னத்திலும் நெற்றியிலும்தான். அது எனக்கு அன்று தெரியாது. நஜ்முன்னிசாவுக்கும் தெரியாது. அடிபட்ட பூனையைப் பார்த்து மனசு கேட்காமல், தினமும் காலையில் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இன்னொரு சொட்டு பூசிக்கொண்டே இருந்தார்.

ஜலீல் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "ஒன்னுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு மாப்ள. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஒன்னு இந்த வீட்டுல இருக்காது." திருவாதவூரில் அருள்பாண்டி என்ற பழக்கக்காரரின் நெல் குடோனில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கு மடித்து வைக்கப்பட்டது.

"எதக் கொண்டுபோவீங்க அத்தா? அடிச்சதயா, அடி வாங்குனதயா?" என்று கேட்டாள் ருமானா.

"அடி வாங்குனதத்தான். அதுதான் சாதுவா சாக்குக்குள்ள போகும்."

ருமானா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

3

இதுவரை எழுதியதைப் பத்திரிகை ஆசிரியர் கனகலட்சுமிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ருமானா புருஷன் வீட்டுலேருந்து திரும்பி வந்த பொண்ணுன்னு சொன்னீங்கல்ல சார்? பூனையும் திரும்பி வந்திருக்கு. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுருங்க. வாசகர் அழுதுருவாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. எழுதியும் பார்த்தேன்: 'ருமானாவும் ஒரு வகையில் புனுகுதான். அவள் மீதும் வேறொரு வீட்டின் வாசனை—'

அந்த வரியை ருமானாவிடமே படித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாமா, அத அடிங்க."

"நல்லாத்தானம்மா இருக்கு..."

"எனக்கு வாய் இருக்கு. எனக்கு வேணுங்கிறத நானே கேட்டுக்குவேன், ஒங்க கதை கேக்க வேணாம். நாளைக்கு மறுநா சாக்குல போகப்போறது புனுகு. அதப் பத்தி எழுதுங்க. அது நான் இல்ல, நான் அது இல்ல."

வரி அறுந்த இடத்திலேயே கிடக்கட்டும். பூனையைப் பூனையாக இருக்கவே விடாத கதைகள் மேல், என்னுடையவற்றையும் சேர்த்துத்தான், எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. கனகலட்சுமி மேடம், இது பூனைக் கதை. வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள்.

4

எனவே பூனை.

காலில் கன்னத்தைத் தேய்க்கிற பூனை கொஞ்சுகிறது என்று நினைக்கிறோம். கொஞ்சலும்தான். கூடவே 'இது நம்ம ஆள்' என்று தன் வாசனையை நம் மேல் எழுதிவைக்கிறது. ஒரு வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று உரசி, நக்கி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசனை வைத்துக்கொள்கின்றன. வாலைக் கொடிக்கம்பம் போல நிமிர்த்தி வந்தால் நல்லெண்ணம். வாலைத் தரையில் அடித்தால் எரிச்சல். நாயின் வாலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. கண்ணை மெல்ல மூடித் திறந்தால், உன்னை நம்புகிறேன் என்று பொருள்.

ருமானா இதையெல்லாம் நான்கு வருடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள். வெள்ளிக்கிழமை கடைக்கு இறங்கி வந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு மோந்தே இருபது அத்தரச் சொல்லுவீங்கள்ல அத்தா? ஜவ்வாது கேக்குறது மட்டும் கேக்கலையா? 'ஸ்பிரிட்டும் மல்லிகையுமா வந்திருக்க நீ யாரு? எங்க அக்கா எங்க?'ன்னு கேக்குது. அதுக்குக் கிறுக்கு இல்ல. நாமதான் அவ அடையாளத்த அழிச்சுட்டோம்."

"ஏய், பூனைக்குப் போயி..." என்று ஆரம்பித்த ஜலீல், கையிலிருந்த சீசாவை மூடிவைத்தான்.

புனுகைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அம்மாவின் அத்தர்ச் சீசாவைப் பிடுங்கி வைத்தாள். இரண்டு பூனைகளையும் மாற்றி மாற்றித் துடைக்க ஒரு துணி வேண்டும், வாசனையே இல்லாத துணி. அலசினாலும் போகாத அத்தர் அந்த வீட்டின் எல்லாத் துணியிலும் ஏறியிருந்தது. நான் விளாங்குடியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்த துண்டு ஒன்றைப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். இந்தக் கதையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

ஜவ்வாதின் கன்னத்தைத் துடைத்த துண்டால் புனுகின் கன்னத்தைத் துடைத்தாள்; பிறகு திருப்பி. மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு வைத்தாள். சனிக்கிழமை மதியம் ஜவ்வாது அந்தத் துண்டை வெகுநேரம் முகர்ந்தது. அப்புறம் அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

5

இன்று ஞாயிறு. என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) கதவு திறக்கிறது. இரண்டு வால்களும் நிமிர்கின்றன. மூக்கும் மூக்கும் தொடுகின்றன. நஜ்முன்னிசா அழுகிறார்.

(ஆ) கதவு திறக்கிறது. ஜவ்வாது பாய்கிறது. ஆட்டோ திருவாதவூர் போகிறது. கடைசி வரியில் சாக்கு அசைகிறது.

முதலாவது வாசகருக்கு இனிக்கும், இரண்டாவதற்குப் பரிசு கிடைக்கும். இரண்டையும் எழுத மாட்டேன். சாக்கை இரண்டாம் பகுதியில் வைத்தவன் நான்தானே? எடுத்துவிடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே இப்போது ஒன்றும் கிடையாது.

"மாப்ள, சாக்கு எங்கடா?"

"இல்ல."

"எழுதுறவன்னா என்ன வேணாலும் செய்வியாடா?"

"செய்வேன்."

ஜலீல் அதற்கு மேல் தேடவில்லை. அருகில் வந்து நின்றான். முப்பது வருடமாக அவன் வருவதற்கு முன் அவன் வாசனை வந்துவிடும்; இன்று வரவில்லை. சட்டையைக்கூட வெறும் தண்ணீரில் அலசிப் போட்டிருந்தான். அதை நான் எழுதவில்லை, அவனாகச் செய்துகொண்டது.

கதவுக்கு இந்தப் பக்கம் துண்டின் மேல் ஜவ்வாது. அந்தப் பக்கம் புனுகு. தாழ்ப்பாளை உங்களிடம் தருகிறேன். திறக்க வருபவர்கள் சென்ட் பூசாமல் வாருங்கள். திறந்ததும் தரையில் உட்காருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கண்ணை மெல்ல மூடித் திறந்து, ஒரு விரலை நீட்டிக் காத்திருங்கள்.

இவ்வளவு நேரம் அவற்றை நீங்கள் படித்தீர்கள். இனி அவை உங்களை முகர்ந்து பார்க்கட்டும்.