அத்தைக்கு ஓர் ஈய முத்திரை

அந்த சிமெண்ட் குழாய்க் கிடங்கில் ஏழு லாரிகள் இருந்தன. ஆறுக்கு எண் மட்டும்தான். ஏழாவதை எல்லாரும் அத்தை என்றார்கள். வயது இருபத்தாறு. ஒவ்வொரு திருப்பத்திலும் முனகுவாள். கியர் மாற்றினால் பல்லைக் கடிப்பாள். காலையில் கிளப்பினால் ஒரு கூடை கரும்புகையைக் கக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் குறுகலான சந்துக்குள் குழாய் இறக்க வேண்டுமென்றால் புது லாரிகளின் உடம்பு இடம் கொடுக்காது. அப்போது மட்டும் எல்லாருக்கும் அத்தையின் ஞாபகம் வரும்.

அத்தையை ஓட்டியவன் கிடங்கு மெக்கானிக்கின் கொழுந்தன். மெக்கானிக் ஒரு பெண். அவனுக்கு அண்ணி, மற்ற எல்லாருக்கும் ஸ்பானர் அக்கா. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்து, கை கழுவுவதற்குள் எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

கிடங்கு மேலாளருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் அந்தப் பக்கம் போனபின் புழங்குவது. நிர்வாகம். 'நான்' என்ற சொல் அவர் வாயில் நுழைந்ததே இல்லை. தும்மினால்கூட நிர்வாகம் தும்மியது என்றுதான் கோப்பில் ஏறும்.

இரண்டு மாதமாக அத்தைக்கு ஒரு நோய். காலையில் கிளம்பும்போது குமரி மாதிரி ஓடுவாள். பாரத்தோடு அரை மணி ஓடியதும் இழுவை குறையும், இருமுவாள், நடுரோட்டில் நின்றுவிடுவாள். பத்து நிமிஷம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்புவாள். கிடங்கிலேயே நிறுத்தி ஒரு மணி நேரம் ஓடவிட்டால் ஒரு குறையும் தெரியாது.

ஸ்பானர் அக்கா டீசல் பில்டரை மாற்றினாள். குழாயில் புகுந்த காற்றை எடுத்தாள். டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்பையே புதிதாகப் போட்டாள். அத்தை நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேட்டில் நின்றாள்.

நிர்வாகம் கழிவுப் படிவத்தோடு பட்டறைக்கு வந்தது. மேலாளர், கணக்கர், மெக்கானிக் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டால், சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வெட்டுக் கருவியோடு வந்துவிடுவார். இரண்டு கையெழுத்துகள் ஏற்கெனவே படிவத்தில் படுத்திருந்தன.

"எஞ்சின் தேஞ்சு போச்சும்மா. நிர்வாகம் தீர ஆராய்ஞ்சு எடுத்த முடிவு இது."

"தேஞ்ச எஞ்சின் காலையில மட்டும் எப்படி சார் வயசு குறைஞ்சு ஓடும்? ஆறு சிலிண்டரையும் அளந்து பாத்துட்டேன். அழுத்தம் சரியா இருக்கு."

"அப்ப என்ன கோளாறு?"

"இன்னும் தெரியல."

"தெரியாதுல்ல? கையெழுத்தப் போடு."

"தெரியாததுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறது மேலாளர் வேலை சார். எனக்கு அந்தச் சம்பளம் இல்ல."

லாரிக்கடியில் படுத்திருந்த கொழுந்தன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். மேலாளர் குனிந்து அவனைப் பார்த்தார்.

"உனக்கும் ஏற்பாடு பண்ணியாச்சுப்பா. கேட்டுக்கு ஆள் வேணும். தொப்பிகூட வந்துருச்சு."

இருமல் நின்றது. பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, இனி வருகிற போகிற காருக்கெல்லாம் சலாம் வைக்க வேண்டும். வேறு லாரியும் கிடையாது. ஆறுக்கும் ஆறு டிரைவர்கள் இருந்தார்கள்.

"நாளைக்கு முழு பாரம் ஏத்துங்க," என்றாள் அவள். "தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போவோம். நீங்களும் வாங்க. நின்னு போச்சுன்னா அங்கயே கையெழுத்துப் போடுறேன்."

நிர்வாகத்துக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சாட்சியோடு ஜெயிப்பதென்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

மறுநாள் காலை ஸ்டோர்காரர் வழக்கம்போல டீசல் பிடித்தார். அது சாதாரணக் காரியமல்ல, ஒரு சடங்கு. இரண்டு மாதத்துக்கு முன் மேலாளர் 'டீசல் பாதுகாப்புத் திட்டம்' என்று ஒன்பது பக்கச் சுற்றறிக்கை விட்டிருந்தார். ஒவ்வொரு டாங்க் மூடிக்கடியிலும் டயர் டியூபில் வெட்டிய ரப்பர் வட்டம், மேலே கம்பி, கம்பிக்கு ஈய முத்திரை. ஸ்டோர்காரரைத் தவிர வேறு யாராவது முத்திரையை உடைத்தால் வேலை போகும். இதற்காகத் தலைமை அலுவலகம் ஒரு கேடயம் கொடுத்தது. இதுவரை ஒரு சொட்டு டீசலும் திருடுபோனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. திட்டத்துக்கு முன்னாலும் அப்படித்தான்.

மூன்று பேரும் கேபினில் ஏறினார்கள். நடுவில் மேலாளர், மடியில் கோப்பு. கியர் கம்பி அவர் முழங்காலுக்கு நடுவே நின்றது. இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் நிர்வாகம் கொஞ்சம் நகர வேண்டியிருந்தது.

"காலை ஒதுக்குங்க சார்," என்றான் கொழுந்தன். "அத்தைக்குக் கூச்சம் ஜாஸ்தி."

இருபத்தெட்டு நிமிஷம் அத்தை மரியாதையாக ஓடினாள். தண்ணீர்த்தொட்டி மேட்டில் பாதி ஏறியதும் இழுவை செத்தது. ஒரு இருமல். இரண்டு. நின்றுவிட்டாள். கொழுந்தன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

மேலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"நீயே சொன்ன வார்த்தைம்மா."

"சொன்னேன். கீழ இறங்கிப் போடுறேன், இங்க கை ஓடல."

அவள் இறங்கினாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். கையெழுத்துப் போடத்தான் இறங்கினாள், அதில் பொய் இல்லை. பேனாவை வாங்கிக்கொண்டு, படிவத்தை வைத்து எழுதத் தட்டையாக ஓரிடம் தேடினாள். டீசல் டாங்கின் பக்கவாட்டுத் தகடு கண்ணில் பட்டது. படிவத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாள். காகிதம் தட்டையாக உட்காரவில்லை. நடுவில் குழிந்தது.

நேற்று அவள் துடைத்தபோது அந்தத் தகடு குழியாக இல்லை.

உறிஞ்சிக் குடித்த பழரச டப்பா மாதிரி டாங்க் உள்வாங்கியிருந்தது. அவள் மூடியைப் பார்த்தாள். மூடியின் நடுவில், குண்டூசி அளவில், தொழிற்சாலையிலேயே போட்ட ஓட்டை. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று போகும் ஒரே வழி. புது லாரிகளுக்கு அதற்குத் தனிக் குழாய் உண்டு. அத்தைக்கு மூக்கு மூடியில்தான். அந்த மூக்கின் அடியில் கெட்டியாக ஒரு ரப்பர் வட்டம். காற்று போகாமல் உள்ளே வெற்றிடம், பம்பு என்ன இழுத்தாலும் டீசல் வராது. பத்து நிமிஷம் நின்றால் எங்கோ இடுக்கில் கொஞ்சம் காற்று கசியும், உயிர் வரும். தினம் காலை டீசல் பிடிக்க மூடியைத் திறந்ததும் நோயும் மறைந்துவிடும். கிடங்கில் பாரமில்லாமல் ஓடினால் டீசல் அவ்வளவாகக் குறையாது, அங்கே நோய் தலைகாட்டாது.

முகம் சுருங்கியது அவளுக்கு. ஏழு மூடிக்கும் ரப்பர் வட்டம் வெட்டிக் கொடுத்தவளே அவள்தான். சுற்றறிக்கையில் 'மெக்கானிக் வெட்டித் தரவும்' என்றிருந்தது. ஏழையும் ஒரே அச்சில், பிசிறில்லாமல், யோசிக்காமல் வெட்டியிருந்தாள். அழகாக வேறு இருந்தது.

"தம்பி, கட்டிங் பிளேயரக் குடு."

மேலாளர் பதறி இறங்கினார். "முத்திரையத் தொடாத. தொட்டா வேலை போயிடும். பக்கம் நாலு, பிரிவு மூணு."

"அண்ணி, வேணாம்," என்றான் கொழுந்தன். "நான் தொப்பி போட்டுக்கறேன். எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"உன் மண்டைக்கு எந்தத் தொப்பியும் பத்தாது. பிளேயரக் குடு."

கம்பி அறுந்தது. ஈயம் ரோட்டில் விழுந்து உருண்டது. மூடியைத் திருகினாள். உஸ்ஸ் என்று அத்தை நீளமாக மூச்சை இழுத்தாள். அரை மணியாக அடக்கி வைத்த மூச்சு. 'டொப்' என்று தகடு வெளியே எழும்பியது. மேலாளர் ஓரடி பின்வாங்கினார்.

ரப்பர் வட்டத்தை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மூடியை மட்டும் திருகினாள். எஞ்சினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை இருபது தரம் அழுத்தினாள். கொழுந்தன் சாவியைத் திருப்பினான். கரும்புகை ஒரு கூடை, பிறகு சீரான உறுமல்.

"இதுக்கு விளக்கம் எழுதித் தரணும்," என்றார் மேலாளர். குரலில் நிர்வாகம் பாதிதான் இருந்தது.

அவள் கழிவுப் படிவத்தைத் திருப்பி, இப்போது தட்டையாகிவிட்ட டாங்கின்மேல் வைத்து, அவர் பேனாவாலேயே பின்பக்கத்தில் எழுதினாள்: 'மூடியை அடைக்கச் சொன்னது சுற்றறிக்கை. ரப்பர் வெட்டியது நான். முத்திரையை வெட்டியதும் நான். முதல் வெட்டுக்கு வருந்துகிறேன். இரண்டாவதுக்கு இல்லை.' கீழே, நாலு விரற்கடை அகலத்துக்குக் கையெழுத்து.

"கையெழுத்துக் கேட்டீங்களே சார். இந்தாங்க."

அவர் படித்தார். மறுபடி படித்தார். ஒரு கையில் காகிதம், மறு கையில் ரப்பர் வட்டம்.

"கேடயம் வாங்கின திட்டம்மா இது."

"கேடயத்த மாட்டின சுவருல ஜன்னல் இருக்கா சார்? காத்து வருதான்னு பாத்துக்கங்க."

அவள் கல்லை எடுத்தாள். கொழுந்தன் கேபினிலிருந்து தலையை நீட்டினான். "சார், ஏறுறீங்களா, நடக்குறீங்களா? அத்தை மேட்டுல ரொம்ப நேரம் நிக்க மாட்டா."

மேலும் கீழும் ரோட்டைப் பார்த்தார் மேலாளர். இரண்டு பக்கமும் வெயில். ஏறி உட்கார்ந்து, சொல்லாமலே காலை ஒதுக்கிக்கொண்டார். அத்தை பல்லைக் கடித்து, முனகி, நிற்காமல் உச்சிக்கு ஏறினாள்.

"நாளைக்குக் காலையில விசாரணை," என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "பத்து மணிக்கு வந்துரணும்."

"வர்றேன் சார்," என்றாள் ஸ்பானர் அக்கா. "அத்தையிலயே வர்றேன்."