மூன்று கால் ஓட்டம்

கோடை விடுமுறையில் எங்கள் பூங்காவில் நடக்கும் குடும்ப விளையாட்டு நாளை நான்தான் நடத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதி ஊதிக் குரலோடு குணமும் கரகரத்துப் போய்விட்டது என்று என் தங்கை கிண்டல் செய்வாள். அவள் எனக்கு நேரெதிர். கொசு கடித்தால்கூட தட்டிவிடுவாளே தவிர அடிக்க மாட்டாள்.

சாக்கு ஓட்டம், தண்ணீர் பலூன் சண்டை எல்லாம் முடிந்து கடைசியாக வருவது மூன்று கால் ஓட்டம். பெற்றவர் ஒருவரின் காலையும் பிள்ளையின் காலையும் துணிப்பட்டையால் கட்டி ஓடவேண்டும். அதில் என் சட்டம் ஒன்றுதான். பிள்ளைதான் முடிச்சுப் போடவேண்டும், அதுவும் இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சு. தொங்கும் நுனி பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். விழுந்தால் ஒரே இழுப்பில் கால் விடுபட்டுவிடும். பெரியவர்கள் துணியைத் தொடக்கூடாது. இதற்காக என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அப்பாக்கள் நிறைய.

இந்த வருஷம் வரிசையில் என் தங்கை புருஷனும் நின்றான். வீங்கிய கன்னத்தோடும் மகளோடும் தங்கை என் வீட்டுக்கு வந்ததிலிருந்து, அவன் வாசலில் வந்து அழாத நாளில்லை. இனிமேல் கை ஓங்கவே மாட்டேன் என்று என் தலையிலும் சத்தியம் செய்யப் பார்த்தான். என் தலையைத் தொட்டால் கை இருக்காது என்றேன். தங்கை மட்டும் உருகிவிட்டாள். மகளுக்கு அவனைக் கண்டால் நடுக்கம் என்பதால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"பிள்ளைய விழாம கூட்டிட்டு வாங்க. அவ சிரிச்சுக்கிட்டே எல்லைக்கு வந்துட்டா, இன்னைக்கே உங்ககூட வந்துடறோம்."

துணிமணிப் பையைக்கூட முன்னாலேயே அவன் காரின் பின் சீட்டில் வைத்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வாழ்க்கை, நான் யார் குறுக்கே நிற்க என்று அவன் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

அவனுக்குச் சரக்குக் கிடங்கில் லாரிகளில் பாரம் கட்டும் வேலை. லாரியே கவிழ்ந்தாலும் தன் முடிச்சு நழுவாது என்று பீற்றிக்கொள்வான். எங்கள் வாலு, அதாவது என் தங்கை மகள், நாக்கைத் துருத்திக்கொண்டு அழகாகச் சுருக்குப் போட்டிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே அதை அவிழ்த்துவிட்டுத் தன் பாரமுடிச்சைப் போட்டிருக்கிறான், இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. நான் மறுமுனையில் ரிப்பன் கட்டிவிட்டு, காற்றில் தளர்ந்த கூடார முளைகளை அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே விசில் ஊதினேன்.

முதலில் நன்றாகத்தான் வந்தார்கள். வாலு சிரித்தாள். பக்கத்துத் தடத்தில் ரொட்டிக்கடைக்காரர் தன் மகளோடு முந்தியதும் அவன் முகம் மாறியது. எட்டி வைத்தான். வாலுவின் கால் தடுக்கியது, விழுந்தாள். அவள் கை துணியின் நுனியைத் தேடியது. நுனியே இல்லை.

விசிலை அலறவிட்டேன். அவன் நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தூக்கி ஓர் எட்டு, கை வழுக்கியதும் காலோடு தரதரவென்று இழுத்து அடுத்த எட்டு. வெயிலில் காய்ந்த சரளைத் தரை. முட்டி, வயிறு, கன்னம் எல்லாம் அதில் தேய்ந்தன. "அப்பா, நில்லுங்கப்பா" என்று அவள் கதறினாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்த கூட்டம் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தியது. அவன் ரிப்பனை நெஞ்சால் அறுத்துக் கையைத் தூக்கினான். ரிப்பனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மைக் அறிவிப்பாளர் முதல் பரிசு என்று அறிவித்தார்.

"கூட்டிட்டு வந்துட்டேன்ல? கிளம்பு" என்றான் தங்கையிடம்.

அவள் மண்டியிட்டு மகளின் காலைப் பார்த்தாள். துணி சதைக்குள் இறங்கிப் பாதம் நீலமாகியிருந்தது. தடுக்க வந்த ரொட்டிக்கடைக்காரரின் மூக்கில் அவன் ஒரு குத்து விட்டான். மனுஷர் ரத்தம் கொட்டக் கொட்ட உட்கார்ந்துவிட்டார். அவன் பிள்ளையை இழுத்துக்கொண்டே கார் பக்கம் நடந்தான். முளையடிக்கும் சுத்தியலோடு நான் ஓடிப்போய் அவன் மண்டைக்கு நேரே ஓங்கினேன்.

"அக்கா, அடிக்காத. அவர் விழுந்தா இவ மேலதான் விழுவாரு" என்றாள் தங்கை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மலைமாதிரி உடம்பு அவனுக்கு. துணியை அறுக்க யாரோ கத்தி கேட்டுக் கூவினார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கத்தி கூடாது என்று தடுத்துவைத்தவளே நான்தான்.

தங்கை அவன் காலைக் கட்டிக்கொண்டு முடிச்சில் பல்லைப் பதித்தாள். அவன் அவள் முதுகில் குத்தினான், பிடரியில் குத்தினான், முடியைப் பிடித்து உலுக்கினான். ஒரு கொத்து கையோடு வந்தது. அவள் விடவில்லை. நான் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்தேன். நான் கொல்லத் துடித்தவனையே விழாமல் தாங்கி நின்றேன். அவன் முழங்கை என் விலாவில் திரும்பத் திரும்ப இறங்கியது. மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது.

துணி அவிழ்ந்தது. கூடவே தங்கையின் முன்பல்லில் பாதி போயிற்று. அவள் மகளை அள்ளிக்கொண்டு உருண்டு விலகினாள்.

"இப்ப அடி, அக்கா" என்றாள்.

அவன் முட்டியில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவன் மறுபடி அவள் முடியை எட்டிப் பிடித்தான். அந்தக் கையிலும் ஒன்று போட்டேன். பொய் சொல்லமாட்டேன், மனசுக்கு இதமாக இருந்தது. அதற்குள் மற்ற அப்பாக்கள் வந்து அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். போலீசுக்குச் சொல்லியனுப்பினோம்.

முதலுதவிக் கூடாரத்தில் நர்ஸ் வாலுவின் கன்னத்திலிருந்து சரளையை ஒவ்வொன்றாக எடுத்தார். ஊசி, மருந்து எதற்கும் அவள் அழவில்லை. அம்மாவின் உடைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விழுந்துட்டேன்ல, அதனாலதான் நாம அப்பா வீட்டுக்குப் போகலையாம்மா?"

தங்கை வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமாடி. நீ விழுந்ததாலதான் நாம தப்பிச்சோம்."

பிறகு என்னைப் பார்த்தாள். பை அந்தக் காரில் இருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. சாவியை அவனிடம் போய்க் கேட்கவில்லை. சுத்தியல் இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது, கார்க் கண்ணாடிக்கு அது போதும்.