அடியில் ஒரு மூடி

புகார் கேட்பதுதான் என் பிழைப்பு. ஒரு கேஸ் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யார் யாரோ கொட்டுகிற கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, "உங்க சிரமம் புரியுதுங்க" என்று தேன் தடவிச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்துக்குள் ஒரு மண்ணும் கிடையாது என்பது அதைச் சொல்கிற எனக்குத் தெரியாதா? அதையே நீச்சல் குளக் கம்பெனியின் மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது.

வீடு எங்களுக்குப் புதுசு. மற்றவர்களுக்குப் பழசு. சமையலறை இருட்டு, குளியலறைக் கதவு பாதிதான் சாத்தும். ஆனால் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம். "குளத்தை வாங்கினா வீடு இலவசமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். அவள் கிண்டலில் பொறாமையும் கொஞ்சம் இருந்ததால் எனக்கு அது இனித்தது.

வாங்குவதற்கு முன் குளத்தைப் பரிசோதிக்க ஆள் வைத்தோம். வந்தவர் நல்ல சட்டை போட்டிருந்தார். காலி வீடு, மின்சார இணைப்பு துண்டித்துக் கிடந்தது, மோட்டார் ஓடவில்லை. கரையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார், கைப்பேசியில் நாலு படம் எடுத்தார், காப்பி குடித்தார். "அருமையான குளம் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பராமரிப்பையும் அவர்கள் கம்பெனியே செய்யும் என்றதும் என் கணவருக்கு ஒரே சந்தோஷம். "ஒரே இடத்துல முடிஞ்சுடும். எதுக்கு நாலு பேர்கிட்ட அலையணும்?" சரிபார்த்தவனையே காவலுக்கும் வைத்தால், தான் பார்த்தது தப்பு என்று அவன் எப்படிச் சொல்வான்? இதை அன்றைக்கு நாங்கள் யோசிக்கவில்லை.

வாராவாரம் நீலச் சட்டை போட்ட ஒரு இளவயது ஆள் வந்து கழுவிவிட்டுப் போனார். காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் நேரம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மோட்டார் பகல் முழுக்க ஓடினால்தான் தண்ணீர் கெடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஓடவிட்டோம்.

என் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பேருக்கேற்ற மாதிரி, ஒரு இடத்தில் நில் என்றால் நிற்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை தலையிலிருந்து கழன்ற கிளிப்பை எடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போனாள். போனவள் மேலே வரவில்லை.

குளத்தின் அடியில், தண்ணீரை மோட்டார் இழுத்துக்கொள்ளும் ஓட்டையின் மேல் ஒரு சல்லடை மூடி இருக்கும். அந்த மூடி விலகி, அவள் தலைமுடியை ஓட்டை பிடித்துக்கொண்டது. கணவர் உடுப்போடு குதித்தார். இழுத்தும் வரவில்லை. நான் மோட்டார் அறைக்கு ஓடினேன். அங்கே ஒரு சுவர் நிறைய சுவிட்சுகள். எது எதற்கென்று எழுதி வைக்கிற நல்ல பழக்கம் ஒருத்தனுக்கும் கிடையாது. இரண்டு கையாலும் எல்லாவற்றையும் அடித்தேன். சத்தம் நின்றது. திரும்பி ஓடியபோது கணவர் அவளைக் கரையில் கிடத்தியிருந்தார். இருமினாள். அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பின்னந்தலையில் ஒரு கை அகலத்துக்கு முடி வேரோடு போயிருந்தது. மருத்துவமனையில் மீதியையும் கத்தரித்துக் கட்டுப் போட்டார்கள். உயிர் இருக்கிறது, முடி வளர்ந்துவிடும், போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. மறுநாள் மேற்பார்வையாளர் தொலைபேசியில் பேசினதுதான் என்னை விடவில்லை.

"உங்க சிரமம் புரியுதுங்க மேடம். ஆனா மூடி டைட்டாத்தான் இருந்துச்சு. எங்க ஆள் வாராவாரம் பாக்கறான். பாப்பா ஏதாவது நோண்டியிருக்கும்."

"ஏழு வயசுக் குழந்தை தண்ணிக்கடியில மூச்சடக்கி ஸ்குரூ கழட்டிச்சா? அதுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாதுங்க."

"நீங்களே வாலுன்னுதானே மேடம் கூப்பிடறீங்க. எங்க ஆள் கேட்டிருக்கான்."

தொலைபேசியைச் சுவரில் அடித்து உடைக்காமல் வைத்ததற்கு எனக்கு யாராவது பரிசு கொடுக்க வேண்டும். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன் என்பதை அப்புறம்தான் உணர்ந்தேன். சோபாவில் தலைக்கட்டோடு சுருண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"அம்மா, நான் மூடியைத் தொட்டேனா?"

"இல்லடா கண்ணு."

"தெரியாம தொட்டிருப்பேனோ?"

அதற்குப் பிறகு அவள் வாலாக இல்லை. உட்கார் என்றால் உட்கார்ந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். எதைத் தொடுவதற்கும் முன்னால், "இதைத் தொடலாமா?" என்று கேட்டாள். தண்ணீர்க் குவளையைக்கூட. அப்பா கடனை உடனை வாங்கி வாங்கின குளத்தைத் தான் கெடுத்துவிட்டதாக நம்பிவிட்டாள். நாங்கள் இல்லை இல்லை என்று எத்தனை சொன்னாலும் பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது மாதிரி ஒரு பார்வை.

"விடும்மா. மண்ணைப் போட்டு மூடிடலாம்" என்றார் கணவர். மோட்டாரை நிறுத்திவைத்துவிட்டு அவர் ஒருமுறை இறங்கிப் பார்த்திருந்தார். மூடி பாதி உடைந்து, ஒரு ஸ்குரூகூட இல்லாமல், சும்மா மேலே கிடந்தது.

"குளத்தை மூடிடலாங்க. இவ மனசுல போட்டுட்டுப் போனதை எதைப் போட்டு மூடறது? அவங்க இங்க வரணும். இவ எதிர்ல சொல்லணும்."

வந்தார்கள். ஒரு வாரம் நான் தொலைபேசியில் கொடுத்த குடைச்சலில் வந்தார்கள். மேற்பார்வையாளர் பளபளவென்ற ஷூவோடு. பின்னால் நீலச் சட்டைக்காரர், கையில் புது மூடி. மகள் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள்.

"பழசைப் பத்திப் பேசி என்ன மேடம் பிரயோஜனம்? எங்க செலவுலயே புது மூடி போட்டுத் தர்றோம்" என்றார் மேற்பார்வையாளர், எனக்கு வரம் கொடுப்பவர் மாதிரி. "பழைய மூடி நல்லா டைட்டாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் பாப்பாவுக்காகச் செய்யறோம்." நீலச் சட்டைக்காரரிடம், "இறங்குப்பா" என்றார்.

அவர் குளத்துக்குப் போகாமல் நேரே மோட்டார் அறைப் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"மோட்டார் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேங்க்கா."

"எப்பவும் பாப்பீங்களா?"

"பாக்காம இறங்கவே மாட்டேங்க்கா."

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?"

"இல்லக்கா, இந்த வீட்டுல மட்டும்..." என்றவர், பாதியில் மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்தார். புது மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

இந்த மனிதருக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் தன் உயிருக்கு மட்டும் சுவிட்சை அணைத்து, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிட்டு, என் குழந்தைக்குக் கையாட்டிவிட்டும் போயிருக்கிறார். நல்ல சட்டைக்கும் பளபள ஷூவுக்கும்கூடத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தை.

நான் மோட்டார் அறைக்குள் போனேன். இப்போது எனக்கு எந்த சுவிட்ச் என்று தெரியும். போட்டேன். உறுமலோடு ஓட ஆரம்பித்தது.

"ஏய், என்ன பண்றே?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க." மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினேன். "டைட்டா இருந்துச்சுன்னீங்க இல்ல? அதே மூடிதான் அப்படியே கிடக்கு. இவர் வேண்டாம், நீங்க இறங்குங்க. அடி வரைக்கும் போய், கையால தொட்டுட்டு வாங்க. எந்தத் தப்பும் உங்க பேர்ல இல்லன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"நான் எதுக்கு மேடம் இறங்கணும்?"

"டைட்டாத்தானே இருந்துச்சு?"

அவர் கரையிலிருந்து ஓரடி பின்னால் போனார். தண்ணீர் பளிங்கு மாதிரியே இருந்தது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மகள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்று அவருடைய ஷூவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இறங்க மாட்டீங்களா?"

அவர் ஷூவை இன்னும் ஓரடி பின்னால் வைத்தார். அவள் நீலச் சட்டைக்காரரைப் பார்த்தாள். அவர் தலை இன்னும் குனிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

"உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட மட்டும் ஏன் யாருமே சொல்லல?"