நேராக விழுந்த படங்கள்

அப்பாவின் தலை மறுபடியும் வலப்பக்கம் சரிந்தது. மகன் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்தான். உயிரோடு இருந்தவரை யார் பேச்சையும் கேட்காத தலை, இப்போது மட்டும் கேட்டுவிடுமா?

அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் எடுத்தால் மாறுகண்ணும் நேராக விழும் என்று பேச்சு. மகனுக்கோ பிறந்ததிலிருந்தே கழுத்து இடப்பக்கம் சாய்வு. தோள் ஏதோ ரகசியம் சொல்ல, காது குனிந்து கேட்பதுபோல. ஆனால் சுவரில் தொங்கும் மார்பளவுப் படங்களில் ஒன்றில்கூட அவன் தலை சாய்ந்ததில்லை. அப்பா கேமராவை அதே அளவு சாய்த்துவிடுவார். பையன் தலை நேராகும்; பின்னால் வீடு சாயும். அந்தப் படங்களைப் பார்த்துப் பதறிப்போன கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டோடு வந்து, நாலு சுவரையும் சோதித்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

"எனக்கு ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"நீ வெளிய வர்ற நேரம் பார்த்து இடப்பக்கம் யாரோ ஜோக் சொன்னாங்கடா. நீ காது குடுத்தே. முடிவு தெரியறதுக்குள்ள இழுத்துப் போட்டுட்டாங்க."

அந்தக் கதையைச் சொல்லித்தான் மகன் பள்ளிக்கூடத்தில் தப்பித்தான்; கல்யாணச் சந்தையிலும் ஒருவழியாகத் தேறினான்.

தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு அக்கா.

"துண்டெல்லாம் நிக்காதுடா. ஒரு கையால தோளை அமுக்கிக்கோ, இன்னொரு கையைக் கன்னத்துல வச்சு மெதுவா எதிர்ப்பக்கம் சாய்ச்சுப் பிடி. உனக்குச் செய்யச் சொன்ன மாதிரியே."

"எனக்கா? யாரு சொன்னா?"

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அத்தை."

"உன்னை இழுத்து எடுத்ததுல கழுத்துச் சதை உள்ளுக்குள்ள காயப்பட்டுப்போச்சு. பட்டாணியாட்டம் ஒரு கட்டி. தினம் இப்படிச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பிடிச்சா ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிடும்னாங்க டாக்டரம்மா. நீ அழறதை உங்கம்மாவால பார்க்க முடியாதுன்னு, உங்கப்பன்தான் உன்னைத் தூக்கிட்டு இருட்டறைக்குள்ள போவான்."

இருட்டறை என்பது ஃபிலிம் கழுவும் அறை. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தால் எமன்கூட வெளியில்தான் நிற்க வேண்டும்.

"செஞ்சும் சரியாகலையாக்கும்" என்றான் மகன்.

அத்தை அவனைப் பார்க்கவில்லை. "ஒருநாள் தெரியாம கதவைத் திறந்துட்டேன். ஃபிலிமெல்லாம் போச்சேன்னு கத்தப்போறான்னு பார்த்தா, என் கையைப் பிடிச்சுக் கெஞ்சறான். 'வலிக்குதுக்கா அவனுக்கு. என்னால முடியல. சொல்லிடாதே.' நீ அவன் தோள்ல கிடந்து சிரிச்சுக்கிட்டிருந்தே. உனக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தான்."

"அம்மாகிட்ட?"

"செஞ்சாச்சும்பான்."

தன் உடம்புதான் பிள்ளையை நெரித்துவிட்டது என்று அம்மா சாகும்வரை நம்பினாள். அவனுக்குத் தலை சீவிவிடும்போதெல்லாம் இடப்பக்கக் கழுத்தை ஒருமுறை தடவிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்போதும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஜோக் கதையைத்தான் சொல்வார். மகனும் சிரித்திருக்கிறான்.

"நீங்களும் சொல்லல."

"தம்பியாச்சேடா."

வாசலில் வண்டி வந்து நின்றது. நாற்காலிகள் நகரும் சத்தம்.

"சீக்கிரம் நேராக்குடா. கடைசியா எல்லாரும் பார்க்கிற முகம்."

மகன் துண்டை உருவினான். ஒரு கை தோளில், ஒரு கை கன்னத்தில். கழுத்து விறைக்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும்.

கையை எடுத்துக்கொண்டான்.

"என்னடா?"

"வேணாம் அத்தை. வலிக்கும் அவருக்கு."

துண்டை உதறி மடித்து வைத்துவிட்டுக் கால்மாட்டில் போய் நின்றான். அங்கிருந்து தன் சாய்ந்த கழுத்தோடு பார்க்க, கட்டில் சாய்ந்திருந்தது, சுவர் சாய்ந்திருந்தது, அப்பாவின் முகம் மட்டும் நேராக விழுந்திருந்தது.