சலவைக்கடையின் ஜெனரேட்டர்

கட்டடத்தின் சொந்தக்காரர் மின்சாரத்தைத் துண்டித்தபோது சலவைக்கடையின் பெரிய இயந்திரத்துக்குள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் பாதி நுரையோடு நின்றுபோயின. வயரிங் கெட்டுவிட்டது, சரிசெய்ய நாளாகும் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். மாடியில் இருந்த தையல்காரருக்கும் அதே பதில்தான். ஆனால் படிக்கட்டு விளக்கு மட்டும் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கட்டடத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார். காலி பண்ணுங்கள் என்று நேரில் சொல்ல வாய் வராமல் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

கடையை நடத்தியவர்கள் அக்காள் தங்கை இருவர். பெரியவள் தொடங்கிய கடை அது. சின்னவள் புருஷனை விட்டு வந்தபின் அதில் சேர்ந்துகொண்டாள். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் இருந்தது. பெரியவள் கேனில் டீசல் வாங்கி வந்து டாங்கில் ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். தொட்டதும் பிடித்துக்கொண்டது. உள்ளே துணிகள் மறுபடி சுழன்றன. ஆனால் நுரை வடிவதற்குள் இன்ஜினின் சத்தம் இளைத்தது. மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து நின்றது. சற்று ஆறவிட்டுத் திருப்பினால் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. எத்தனை முறை முயன்றாலும் அதே கதை.

"மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்," என்றாள் பெரியவள்.

அந்தப் பக்கத்தில் டீசல் இன்ஜின் பார்ப்பவர் ஒரே ஆள்தான். சின்னவளின் பழைய புருஷன்.

"அவர் வேண்டாம்க்கா."

"ஈரத்துணி நாற ஆரம்பிச்சிருச்சுடி. உன் ரோஷத்தைக் கொடியில போட்டா துணி காயுமா?"

அவர் வந்தார். பெரியவள் பழக்கதோஷத்தில் "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் இன்ஜினை ஒருமுறை ஓடவிட்டு, அது நின்றதும் எண்ணெய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

"பிஸ்டன் ரிங் போச்சுக்கா. பம்பும் தேஞ்சிருக்கும். இதுக்குச் செலவு பண்றது செத்த மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி. பழைய இரும்புக்குப் போட்டுருங்க. நானே ஆள் அனுப்பறேன்."

கதவருகில் நின்ற சின்னவள் கேட்டாள்: "ரிங் போயிருந்தா சாவியைத் தொட்டதும் பிடிக்குமா? எண்ணெய் எரிஞ்சு புகை வரணுமே, எங்க?"

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. பெரியவளைப் பார்த்தே சொன்னார்: "ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவங்க எல்லாம் மெக்கானிக் ஆயிட முடியாதுக்கா."

அவர் பட்டறையில் அவள் ஸ்பேனர் மட்டும் எடுத்துக் கொடுக்கவில்லை. வால்வுகளை உட்கார்ந்து தேய்த்துப் பொருத்தியது அவள். சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் சுணங்குகிறது என்று சொன்னது அவள். வண்டிக்காரர்கள் பாராட்டும்போது அவர் "என் கைராசி அப்படி" என்பார். அவள் உள்ளே மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டைவிட்டு வந்தபோது ஒரு துணிப்பையோடு வந்தாள். ஒரு திருப்புளியைக்கூட எடுத்து வரவில்லை.

அவர் போனதும் சின்னவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"உயிர் இருக்கும்போதே சங்கு ஊதிட்டுப் போறாரு."

"உனக்குப் பார்க்கத் தெரியுமாடி?"

"தெரியும்."

தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கொட்டகை மூலையில் துருப்பிடித்த பெட்டி ஒன்றில் நாலைந்து ஸ்பேனர்கள் கிடந்தன. அவள் முதலில் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டாள். சூடேறி இறுகி நிற்கிற இன்ஜின் வெடுக்கென்று நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. சோறு கிடைக்காதவன் நடந்து நடந்து உட்கார்வதுபோல் நின்றது.

"இதுக்கு நோயில்லக்கா. பட்டினி."

டீசல் வடிகட்டியைக் கழற்றினாள். சுத்தமாக இருந்தது. டாங்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் டீசல் இறங்க மறுக்கிறதோ என்று மூடியைத் திறந்து வைத்து ஓட்டினாள். அப்போதும் நின்றது. பெரியவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சின்னவள் டாங்கிலிருந்து வரும் குழாயை உருவி ஒரு வாளிக்குள் விட்டாள். டீசல் விரலளவு தடிப்பாகக் கொட்டியது. பெரியவள் "நல்லாத்தானே வருது" என்றாள். சின்னவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டியது மெலிந்தது. நூலாயிற்று. சொட்டாயிற்று. குழாயை விரலால் அடைத்துக் கொஞ்சநேரம் பொறுத்து விட்டாள். மறுபடி தடிப்பாக வந்தது.

"உள்ள ஏதோ மிதக்குது. டீசல் ஓடும்போது இழுபட்டு வந்து வாயை அடைக்குது. நின்னா விலகிப் போயிடுது."

துணி மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி நுனியை வளைத்து டாங்குக்குள் விட்டுத் துழாவினாள். பலமுறை வெறுங்கம்பிதான் வந்தது. கடைசியில் வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் வில்லை மாட்டி வந்தது. டீசல் கேனின் வாயில் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீல் அது; ஊற்றும்போது உள்ளே விழுந்திருக்கிறது.

பெரியவள் அதை வாங்கிப் பார்த்தாள். "நான்தான்டி ஊத்தினேன்."

"ஆமா. உன் கைராசி," என்றாள் சின்னவள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குழாயைப் பொருத்தி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வடிகட்டியின் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினாள். முதலில் நுரை வந்தது. நுரை அடங்கி டீசல் தெளிவாக வந்ததும் திருகாணியை இறுக்கிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, பிடித்தது, ஓடியது. விரிப்புகளைத் துவைத்து, அலசி, பிழிந்து எடுக்கும்வரை நிற்கவில்லை. பிறகு ஒரு வயரை இழுத்து மாடியிலிருந்த தையல்காரருக்கும் கொடுத்தாள்.

மறுநாள் பழைய இரும்புக்காரர் கைவண்டியோடு வந்தார். ஓடுகிற ஜெனரேட்டரைப் பார்த்துக் குழம்பி நின்றார்.

"பட்டறைக்காரரு அனுப்பினாரு. எதை எடுக்கணும்?"

பெரியவள் நிமிராமல் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இங்க ஒண்ணும் இல்லப்பா. பட்டறையிலதான் ஓடாதது ஒண்ணு நிக்கும். ஏத்திக்கிட்டுப் போ."

அதற்குமேல் அவள் வாயில் மாப்பிள்ளை என்ற சொல் வரவில்லை.

எதிர்வீட்டில் குடியிருந்த கட்டடக்காரர் மதியம் வந்தார். கட்டடத்தை வாங்க வந்தவர்கள் அந்தச் சத்தத்தில் பேச முடியாமல், "ஆளுங்க காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களே" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

"இந்தச் சத்தத்துல மனுஷன் குடியிருக்க முடியுமா? நிறுத்தும்மா."

"லைனைக் குடுங்க, நிறுத்திடறோம்," என்றாள் சின்னவள்.

"வயரிங் ரிப்பேர்னு சொன்னேன்ல?"

"படிக்கட்டு விளக்கு எரியுதே. அந்த வயரை மட்டும் எங்க வாங்கினீங்க?"

"புகை வருதுன்னு புகார் குடுப்பேன்."

"குடுங்க. விசாரிக்க வர்றவங்களை முதல்ல மீட்டர் பெட்டிகிட்ட கூட்டிட்டுப் போறோம். ஃபியூஸ் யார் சட்டைப்பையில இருக்குன்னும் கேப்பாங்க."

அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. கழுத்தில் அளவுநாடாவோடு கடை வாசல்படியில் உட்கார்ந்திருந்த தையல்காரர், கட்டடக்காரரைக் கண்டால் எழுந்து ஒதுங்குகிறவர், அன்று எழுந்திருக்கவில்லை. கட்டடக்காரர் சுவரோரமாக உடம்பை ஒடுக்கி இறங்கிப் போனார்.

பொழுது சாய்வதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. கட்டடக்காரர் நாளைக்கு வேறு வழியில் வருவார் என்று சின்னவளுக்குத் தெரியும். வரட்டும் என்றிருந்தது.

"கரண்ட் வந்திருச்சே, அதை நிறுத்துடி," என்றாள் பெரியவள்.

"இந்த ஈடு துவைச்சு முடியட்டும். எதிர்வீட்டுக்காரரும் கொஞ்சம் கேக்கட்டும்."

அந்த வாரமே சின்னவள் ஒரு பலகையில் தன் கையாலேயே எழுதினாள்: டீசல் இன்ஜின், ஜெனரேட்டர் பழுது பார்க்கப்படும். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

பெரியவள் ஆணியும் சுத்தியலுமாக நாற்காலிமேல் ஏறினாள். "எங்கடி மாட்ட? உள்பக்கமா?"

"தெருப்பக்கம்க்கா. பட்டறைக்குப் போற வழியைப் பார்த்து."