படியேறும் காட்சி

"வாயைத் திறங்கப்பா," என்று மகள் மாத்திரையை நீட்டினாள். இயக்குநர் திறக்கவில்லை. மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஷாட் முடியட்டும்," என்றார்.

"காலையில இருந்து இதையேதான் சொல்றீங்க. ஷாட் ஆரம்பிக்கவே இல்லையே! உங்க ஹீரோ இன்னும் மீசை ஒட்டிக்கிட்டு இருக்காரு."

டாக்டர் நேற்றே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லிவிட்டார். கடைசி ஷாட் இது, முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அப்பா சத்தியம் செய்ததால்தான் காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். இந்தப் படத்தின் முதல் பாகம் வந்தபோது அவள் பிறக்கவே இல்லை. இப்போது அப்பாவும் ஹீரோவுமாக இரண்டு கிழங்களும் இரண்டாம் பாகம் எடுக்கிறோம் என்று கிளம்பி வந்து அவள் உயிரை வாங்குகிறார்கள்.

ஒருவழியாக ஹீரோ வந்தார். எழுபது வயது முகத்தில் நாற்பதைப் பூசியிருந்தார்கள்.

"என்னடா, படி ஏறிடுவியா, டூப் போடவா?" என்றார் அப்பா.

"நீ முதல்ல அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு, பார்ப்போம்."

"வம்பை அப்புறம் வச்சுக்கோங்க மாமா. போய் நில்லுங்க," என்று மகள் விரட்டினாள்.

அப்பா சிரித்தார். "ஆக்‌ஷன்!"

ஹீரோ ஏறினார். பாதியில் மூச்சு வாங்கியது. மேலே போய்க் கதவைத் திறந்து, திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திறந்தார். திரும்பினார். அப்பா கட் சொல்லவில்லை.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தையை அப்பாவைத் தவிர வேறு யாரும் சொல்ல இந்த யூனிட்டில் தைரியம் கிடையாது. செய்ய ஒன்றுமில்லாத ஹீரோ கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மீசையின் ஒரு ஓரம் வியர்வையில் கழன்று தொங்கியது. வயசான மனுஷனை இப்படியா நிற்க வைப்பது என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும்ப்பா. சொல்லித் தொலைங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை அவள் கைமேல் சரிந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ நாடி பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் கையை மெதுவாக அவர் மடியில் வைத்தார்.

"சத்தியம் பண்ணீங்களேப்பா!" என்று கத்தினாள். அப்போதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மாத்திரை உள்ளங்கையில் கரைந்து ஒட்டியிருந்தது.

விளக்குகளை அணைத்தார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார்கள். ஹீரோ மட்டும் மேல் படியிலேயே நின்றார்.

"இறங்கி வாங்க மாமா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அவன் கட் சொல்லட்டும்மா," என்றார் ஹீரோ. கைக்குட்டையைப் பிரித்து, மறுபடி மடிக்கத் தொடங்கினார்.